கல்ஃபான் வீடு, கிணறு எண் எஸ்-7

கல்ஃபான் கேட்டதெல்லாம் நாலு உத்தரம். ஒமான் நாட்டு மலைமேல் ஹதீபா கிராமத்தில் அவருடைய மண்வீட்டின் மேல்தளம் ஒரு பக்கமாகத் தொங்கத் தொடங்கியிருந்தது. பேரீச்ச மரத்தில் நாலு உத்தரம் மாற்றிவிட்டால் இன்னும் முப்பது வருஷத்துக்குக் கவலையில்லை. மலைமேல் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு அரசாங்கம் உதவுகிறது என்று யாரோ சொல்ல, அவர் மலையிறங்கிப் போய்ப் பதினாலு பக்கப் படிவம் ஒன்றை வாங்கி வந்தார்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. "கடந்த ஆண்டு இவ்வீட்டுக்கு வந்தோர் எண்ணிக்கை." கல்ஃபானும் மனைவி ரய்யாவும் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார்கள். பெருநாளுக்கு வந்த உறவு, தம்பி மகள் கல்யாணத்துக்கு வந்த கூட்டம், பூண்டு வாங்க வந்தவர்கள், வழி தப்பி வந்தவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. காணாமல் போன ஆட்டைத் தேடி வந்த மனிதரை நாலு பேராகச் சேர்த்தார்கள், நாலு தடவை வந்தார் என்பதால். ஹதீபாவில் ஒரு வாசலைக் கடந்து போகிறவன் கஹ்வா என்னும் அரபுக் காப்பி குடிக்காமல் போனால், அந்த வீட்டோடு அவனுக்கு ஏதோ தகராறு என்று ஊர் பேசும். ஆகவே கணக்கு 912-இல் வந்து நின்றது. கல்ஃபான் பொய் எழுதுகிறவர் இல்லை. 912 என்றே எழுதினார்.

அந்தப் படிவம் போய்ச் சேர்ந்த இடம் 'எண்ணெய்க்கு அப்பால் ஆணையம்'. எண்ணெய் ஒருநாள் வற்றிவிடும், அதற்குள் நாடு வேறு பிழைப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், நீடித்த சுற்றுலாவே அந்தப் பிழைப்பு என்று பெரியவர்கள் முடிவெடுத்தபோது உண்டானது அது. ஆணையத்தை யார் நடத்துவது என்ற கேள்வி வந்தது. நாட்டில் அனுபவம் உள்ளவர்கள் எண்ணெய் வயலில்தான் இருந்தார்கள். எனவே தலைவர் முதல் வாசல் காவலர் வரை எல்லோரும் அங்கிருந்தே வந்தார்கள். வரும்போது நாற்காலி, மேசை, பாதுகாப்புக் காலணி, விதிப்புத்தகம் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவந்தார்கள். விதிப்புத்தகத்தில் 'எண்ணெய்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'பயணி' என்று மாற்றினார்கள். அது அறுநூறு பக்கப் புத்தகம் என்பதால் மாற்றுகிறவருக்கு நூற்றுப்பத்தாம் பக்கத்தில் கை வலித்துவிட்டது. மீதி அப்படியே இருந்தது.

பதினோராம் நாள் ஒரு வெள்ளை வண்டி ஹதீபாவுக்கு ஏறி வந்தது. அதிலிருந்து மஞ்சள் தலைக்கவசம் போட்ட இளைஞன் ஒருவன் இறங்கினான். பெயர் ஹிலால், ஆணையத்தின் களப் பொறியாளன். கல்ஃபான் அவனை உள்ளே அழைத்துப் பாயில் உட்காரவைத்துப் பேரீச்சம்பழத் தட்டை முன்னால் நகர்த்தினார்.

"ஏதும் சேதி உண்டா தம்பி?"

"சேதி ஒண்ணும் இல்லை மாமா. எல்லாம் நலம். உங்க பக்கம் சேதி உண்டா?"

"ஒண்ணும் இல்லை. எல்லாம் நலம்."

இந்த நாலு வரியைச் சொல்லாமல் அந்த மலையில் யாரும் எதையும் தொடங்குவதில்லை. வெள்ளம் வந்து ஒட்டகம் அடித்துக்கொண்டு போயிருந்தாலும் முதலில் சேதி ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதற்கப்புறம் வந்தவன் தானாகச் சொன்னால் உண்டு. வந்த காரணத்தை மூன்று நாளுக்குக் கேட்கக் கூடாது. கேட்டால் போகச் சொல்வதாக அர்த்தம்.

ஹிலால் மூன்று கோப்பை குடித்து, கோப்பையைப் போதும் என்று ஆட்டிக் கொடுத்துவிட்டுத் தானாகவே சொன்னான்.

"மாமா, உங்க வீட்டுல தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர் கண்டுபிடிச்சிருக்கோம்."

கல்ஃபான் சுற்றுமுற்றும் பார்த்தார். ரய்யாவும் பார்த்தாள்.

"எங்க தம்பி?"

"இருப்பு மாமா, பூமிக்குள்ள எண்ணெய் இருப்புன்னு சொல்றோமே, அது மாதிரி. நிரூபிக்கப்பட்ட இருப்பு! பத்து வருஷத்துல இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு நடக்கலை. தலைவர் அழுதுட்டார்."

"எனக்கு நாலு உத்தரம்…"

"அதெல்லாம் ரெண்டாம் கட்டத்துல வரும்."

வெளியே போய் அவன் கதவு நிலையில் ஒரு தகடை ஆணியடித்து மாட்டினான். 'கிணறு எண் எஸ்-7. உற்பத்திப் பகுதி. புகைபிடிக்காதீர்.' வாசலில் தலை எண்ணும் மானி ஒன்றையும் பொருத்தினான். யார் உள்ளே போனாலும் அது டக் என்றது. அன்று மாலைக்குள் ஆட்டுக்கு மட்டும் அது இருபத்தாறு தடவை டக் என்றது.

விதிப்படி கிணற்றிலிருந்து இருபது மீட்டருக்குள் எல்லோரும் தலைக்கவசம் போட வேண்டும். ரய்யா கவசத்தோடு ரொட்டி சுட்டாள். கல்ஃபான் கவசத்தோடு தொழுகைக்குக் கிளம்பி, பாதி வழியில் கழற்றி மாதுளை மரத்தில் மாட்டிவிட்டுப் போனார். காலை ஆறு மணிக்குப் பாதுகாப்புக் கூட்டம் நடந்தது. கணவன், மனைவி, ஹிலால் மூவரும் வரிசையாக நிற்க வேண்டும்.

"நேத்து யாருக்காவது காயம் உண்டா?" என்று ஹிலால் கேட்பான்.

ஒருநாள் ரய்யா, பாவம், உண்மையைச் சொல்லிவிட்டாள். "ரொட்டிக்கல்லுல விரல் சுட்டுருச்சு."

ஹிலாலின் முகம் வெளுத்தது. வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்: 17' என்றிருந்த பலகையை அழித்துப் பூஜ்யம் போட்டான். மஸ்கட்டிலிருந்து மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்து இரண்டு நாள் தங்கியது. ரொட்டிக்கல் சூடாக இருந்ததே விபத்துக்குக் காரணம் என்று கண்டறிந்தது. இனி ஆறிய கல்லில் ரொட்டி சுடுமாறு பரிந்துரைத்தது.

"அபூ மாஜித்," என்றாள் ரய்யா. மூத்த மகன் மாஜித்தின் பெயரைச் சேர்த்துத்தான் அவள் கணவனைக் கூப்பிடுவாள். "நாலு உத்தரத்தை நாமளே வெட்டியிருந்தா இந்நேரம் கூரை முடிஞ்சிருக்கும்."

"அரசாங்கம் செய்யுதுன்னு சொன்னாங்க."

"செய்யுது. நல்லாவே செய்யுது."

திறப்பு விழாவுக்கு ஆணையத்தின் தலைவர் யஃகூப் வந்தார். முப்பது வருஷம் எண்ணெய்க் கிணறுகளைத் தோண்டியவர். தலைப்பாகையின் மடிப்பிலேயே பதவி தெரியும். பூண்டு வயலின் நடுவே குளிரூட்டிய கூடாரம் போட்டார்கள். அதற்கு மின்சாரம் கொடுக்க இரண்டு டீசல் இயந்திரங்கள் மலையே அதிரும்படி ஓடின. அந்தச் சத்தத்தில் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுவது அவருக்குச் சிரமமாக இருந்தது. ஆனாலும் பேசினார்.

"பெரியோர்களே! ஐம்பது ஆண்டுகளாக நாம் நிலத்தைத் தோண்டி, இருப்பதையெல்லாம் எடுத்தோம். அது தவறு என்று இன்று உணர்ந்திருக்கிறோம். இனிமேல் தோண்டாமலே எடுப்போம்! எண்ணெய் தீர்ந்துபோகும். பயணி தீர மாட்டான். ஒருவன் போனால் இன்னொருவன் பிறக்கிறான். இதைத்தான் நீடித்த தன்மை என்கிறோம். இந்த எளிய வீட்டின் அடியில் தொள்ளாயிரம் பேர் அமைதியாகக் காத்திருக்கிறார்கள். அவர்களை வெளியே கொண்டுவருவது நம் பொறுப்பு. இந்தக் கிராமத்தின் தூய்மையை நாங்கள் காப்போம். அதற்குத் தடையாக இருக்கும் எதையும், கிராமத்தார் உட்பட, மெல்ல மெல்லச் சரிசெய்வோம்!"

கைதட்டல் கூடாரத்தைப் பிளந்தது. கிராமத்தாரும் தட்டினார்கள், டீசல் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாததால். தலைவர் ஒரு மாதுளைக் கன்றை நட்டார். அது கல்ஃபானின் பதினைந்து வருஷத்து மரத்தைப் பிடுங்கிய குழியில் நடப்பட்டது.

பயணிகள் வராமல் இல்லை. முதல் மாதமே ஜெர்மனியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் நடந்தே மலையேறி வந்தார்கள். கல்ஃபான் வழக்கம்போல உள்ளே அழைத்தார். கோப்பையை ஆட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஊற்றுகிறவர் நிறுத்தமாட்டார், குடிக்கிறவர்கள் மறுத்தால் மனம் நோகுமோ என்று பயந்தார்கள். ஆளுக்குப் பத்தொன்பது கோப்பை உள்ளே போனது. இரண்டு நாளாக அவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. வயலில் இறங்கிப் பூண்டு முழுவதையும் பிடுங்கிக் கட்டுக்கட்டிக் கொடுத்தார்கள். ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போகும்போது அந்தப் பெண் பணப்பையைத் திறந்தாள். கல்ஃபான் முகம் சிவந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

மாதக் கடைசியில் ஹிலால் அறிக்கை எழுத உட்கார்ந்தான். ஆணையத்தின் படிவத்தில் உற்பத்தி பீப்பாய்க் கணக்கில் கேட்கப்பட்டிருந்தது. ஒரு பீப்பாய்க்கு எத்தனை பேர் என்பது பற்றி மஸ்கட்டில் ஒரு துணைக்குழு இன்னும் பேசிக்கொண்டிருந்தது. எதுவானாலும் இங்கே எழுத ஒன்றும் இல்லை.

"மாமா, ரசீது எங்கே?"

"எதுக்கு ரசீது?"

"காசு வாங்கினாத்தான் அவங்க பயணி. வாங்கலேன்னா விருந்தாளி. விருந்தாளிக்கு எங்க படிவத்துல கட்டமே கிடையாது."

"சாப்பிட்டவங்ககிட்ட எப்படித் தம்பி காசு கேக்கிறது? உங்க அம்மா கேப்பாங்களா?"

ஹிலால் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மாவும் மலைக்காரிதான். ஆனால் படிவத்தில் பூஜ்யம் என்றே எழுதினான்.

ஆணையம் கோபப்படவில்லை. திறன் குறைவு என்று முடிவு செய்து, கல்ஃபானை மஸ்கட்டுக்கு வரவழைத்து மூன்று நாள் பயிற்சி கொடுத்தது. ஐந்து நட்சத்திர விடுதியில், கம்பளம் விரித்த அறையில், வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் வந்து நடிப்புப் பயிற்சி நடத்தினார். ஆலோசகர் பயணியாக நடிப்பார். கல்ஃபான் அவர் முகத்தை நேராகப் பார்த்து 'ஐந்து ரியால்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முதல் நாள் கல்ஃபான் அவரை உட்காரச் சொல்லிக் கஹ்வா ஊற்றினார். இரண்டாம் நாள் 'ஐந்து' வரை வந்தது. மூன்றாம் நாள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு "ஐந்து ரியால்!" என்று கத்தியேவிட்டார். ஆலோசகர் மகிழ்ச்சியில் கைகொடுத்தார். அந்தக் கையில் கல்ஃபான் தம் சட்டைப்பையிலிருந்து ஐந்து ரியாலை எடுத்து வைத்துவிட்டு, "தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, வச்சுக்குங்க," என்றார்.

தொண்ணூறாம் நாள் உத்தரவு வந்தது. தொடர்ந்து தொண்ணூறு நாள் உற்பத்தி இல்லாத கிணறு வறண்ட கிணறு. விதி 214-இன்படி, சுற்றுச்சூழலைக் காக்கும்பொருட்டு, வறண்ட கிணற்றை வாய்வரை சிமெண்ட் ஊற்றி மூட வேண்டும். விதி நூற்றுப்பத்தாம் பக்கத்துக்கு அப்புறம் இருந்ததால் அதை யாரும் மாற்றியிருக்கவில்லை.

கல்ஃபான் அந்தத் தாளை மூன்று தடவை வாசித்துப் பார்த்தார். பிறகு ரய்யாவைப் பார்த்தார். அந்த வீட்டில்தான் அவர் பிறந்தார். ரய்யா மணப்பெண்ணாக வந்து இறங்கியதும் அங்கேதான். அவருக்கு அழுகை வந்தது, அழுதார். ரய்யா அழவில்லை. ஆட்டைப் பிடித்துக் கட்டினாள்.

"எதுக்கு?"

"சிமெண்ட் ஊத்த ஆள் வருவாங்கல்ல. வெயில்ல வருவாங்க. பசியோட வருவாங்க. நாம என்ன அவங்களைப் பட்டினியா போடப்போறோம்?"

செவ்வாய்க்கிழமை காலை சிமெண்ட் கலக்கும் லாரி ஒன்று முக்கி முனகி மலையேறி வந்தது. பின்னால் வெள்ளை வண்டிகள் நாலு. மொத்தம் பதினான்கு பேர். ஹிலால் முன்னால் வந்தான், கண்ணைப் பார்க்காமல்.

"ஏதும் சேதி உண்டா தம்பி?" என்றார் கல்ஃபான்.

"சேதி…" ஹிலால் லாரியைத் திரும்பிப் பார்த்தான். "சேதி ஒண்ணும் இல்லை மாமா. எல்லாம் நலம்."

"அப்ப உள்ள வாங்க."

ஒரு கோப்பை கஹ்வா குடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம் என்றுதான் உட்கார்ந்தார்கள். கோப்பைக்குப் பின்னால் பழம் வந்தது. பழத்துக்குப் பின்னால் அல்வா வந்தது. கைகழுவத் தண்ணீர் வந்தது. அப்புறம் நாலு பேர் தூக்கும் தட்டில் சோறும், அதன்மேல் முழு ஆடும் வந்தன. எழுந்து போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றினாலும் கால் வரவில்லை. வெளியே லாரி ஓட்டுநர் மட்டும் தொட்டியைச் சுழலவிட்டபடி உட்கார்ந்திருந்தார். அவரையும் கல்ஃபான் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்தார். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார், பாயிலேயே சாய்ந்தார்.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு எழுந்து போய்ப் பார்த்தபோது தொட்டிக்குள் சிமெண்ட் கல்லாகியிருந்தது. ஹிலால் தொட்டியைத் தட்டிப் பார்த்தான். மலையைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது.

பதினான்கு பேரும் லாரியைச் சுற்றி நின்றார்கள். கடைசியில் வயதான பொறியாளர் ஒருவர் தாடியைத் தடவியபடி பேசினார்.

"இந்த வீட்டு உப்பைத் தின்னாச்சு. இனி இதுல சிமெண்ட் ஊத்த என் கை வராது. வேற வழி பாருங்கப்பா."

"விதி இருக்கே ஐயா," என்றான் ஹிலால்.

"விதியிலேயே பாரு. எண்ணெய் வயல்ல எல்லாக் கிணறும் எண்ணெயா கொடுக்குது? தண்ணி செலுத்துற கிணறுன்னு ஒண்ணு உண்டுல்ல? அதுல உள்ளதான் போகும், வெளிய ஒண்ணும் வராது. ஆனா அதையும் கிணறுன்னுதான் சொல்றோம். மூடுறதில்லை."

எல்லோரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். பெரியவர் சொன்னது சரி. அன்று மாலையே எஸ்-7 'வறண்ட கிணறு' பட்டியலிலிருந்து நீங்கி 'செலுத்து கிணறு' பட்டியலில் ஏறியது. ஹிலால் கல்ஃபானைக் கட்டிப்பிடித்து, இரண்டு பேரும் வயலில் நின்று சிரித்தார்கள். வீடு தப்பியது.

செலுத்து கிணறு என்றால் செலுத்த வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மின்சாரத்தில் ஓடும் பச்சைப் பேருந்து ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து நாற்பது பேர் இறங்கினார்கள். எல்லோரும் ஆணையத்தின் ஊழியர்கள். கணக்குப் பிரிவு, தட்டச்சுப் பிரிவு, பீப்பாய்த் துணைக்குழு. விதிப்படி நாள் ஒன்றுக்கு நாற்பது அலகு, தவறாமல். மானி நாற்பது தடவை டக் என்றது. நாற்பது பேரும் பாயில் உட்கார்ந்து, சேதி ஒன்றும் இல்லை என்று சொல்லி, சோற்றுக்காகக் காத்திருந்தார்கள்.

அடுத்த நாள் இன்னொரு நாற்பது. அதற்கடுத்த நாளும் அப்படியே. பசித்து வந்தவனுக்குப் போடுவதில் கல்ஃபானுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இவர்கள் பசித்து வரவில்லை, பட்டியல்படி வந்தார்கள். ஒருத்தர் தமக்கு உப்புக் குறைவு வேண்டும் என்று எழுதியே அனுப்பியிருந்தார். மூன்றாம் வாரம் பூண்டு தீர்ந்தது. ஐந்தாம் வாரம் பக்கத்து வீட்டு ஆடுகளும் தீர்ந்தன. ஊரே சேர்ந்து சமைத்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் தட்டுக் கழுவினார்கள். வானொலியில் தலைவர் யஃகூப் பேசினார். "உள்நாட்டுச் சுற்றுலா நாலாயிரம் சதவீதம் உயர்ந்திருக்கிறது. எங்கள் ஊழியர்களின் எடையும் ஆரோக்கியமாக உயர்ந்திருக்கிறது. இந்த வளர்ச்சிக்கு ஒரு பைசாகூடச் செலவாகவில்லை. இதுவே நீடித்த தன்மையின் இலக்கணம்."

கல்ஃபான் பட்டியலிலிருந்து வீட்டை எடுத்துவிடும்படி ஹிலாலிடம் கெஞ்சினார்.

"வீட்டை எனக்கே விட்டுடுங்க தம்பி. உத்தரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"தலைவர் கையெழுத்து போடணும் மாமா. அவரைப் பாக்க நேரம் கேட்டுப் பாத்துட்டேன். பதினோரு மாசம் கழிச்சு ஒரு புதன்கிழமை தர்றாங்க. கால் மணி நேரம்."

பதினோரு மாதத்தில் வீட்டில் கதவு நிலையைக்கூட யாராவது தின்றுவிட்டிருப்பார்கள். கல்ஃபான் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ரய்யா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நேரம் எதுக்கு? ஆபீசுக்குப் போறதுக்குத்தானே நேரம் வேணும். அவர் வீட்டுக்குப் போறதுக்கு என்ன நேரம்? அவரும் இந்த நாட்டுல பொறந்தவர்தானே?"

கல்ஃபான் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்லப் பரவியது.

மறுநாள் மதியம் பச்சைப் பேருந்து வந்து நாற்பது பேரை இறக்கியது. அவர்கள் உள்ளே போய்ப் பாயில் வரிசையாக உட்கார்ந்து சோறு வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்கட்டு வழியாக ஹதீபா கிராமம் முழுவதும் வந்து பேருந்தில் ஏறியது. கிழவர், குழந்தை எல்லாம் சேர்த்து நாற்பத்து மூன்று பேர்.

"மஸ்கட்டுக்குத்தானே திரும்பிப் போற?" என்று ரய்யா ஓட்டுநரைக் கேட்டாள்.

"ஆமாம்மா. ஆனா நீங்க…"

"உனக்கு என்ன சொல்லியிருக்காங்க?"

"ஏறுறவங்களை ஏத்திக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"அப்ப ஓட்டு."

தலைவரின் மாளிகை கடலைப் பார்த்து இருந்தது. யஃகூப் வாசலுக்கு வந்து பார்த்தபோது பளிங்குப் படிகளில் நாற்பத்து மூன்று பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எந்த அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் அவர் ஒமானியர். வாய் தானாகவே திறந்து, "வாங்க, வாங்க, உள்ள வாங்க," என்றது.

"ஏதும் சேதி உண்டா?" என்று கேட்டார்.

"சேதி ஒண்ணும் இல்லைங்க. எல்லாம் நலம். உங்க பக்கம் சேதி உண்டா?" என்றார் கல்ஃபான்.

இதை நாற்பத்து மூன்று பேரோடும் தனித்தனியாகச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. தலைவரின் மனைவி முதல் நாள் மூன்று ஆடு அடித்தாள். இரண்டாம் நாள் நாலு. மலைக்காற்றில் வளர்ந்தவர்கள் நன்றாகவே சாப்பிட்டார்கள். பிள்ளைகள் நீச்சல் குளத்தில் கால் கழுவினார்கள். ஒரு கிழவர் தலைவரின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, அது பிடித்துப்போய், எழவே இல்லை. யஃகூப் அறைக்கு அறை நடந்தார். எதற்கு வந்தீர்கள் என்ற கேள்வி அவர் நாக்கு நுனியில் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தது. கேட்கத்தான் முடியவில்லை. கேட்டால் நாளைக்கு மஸ்கட் முழுக்கச் சொல்லிச் சிரிக்கும்.

காரணம் ஹிலாலிடமிருந்து தொலைபேசியில் வந்தது.

"ஐயா, எஸ்-7 வெடிச்சுருச்சு!"

"என்னது?"

"உள்ள இருந்ததெல்லாம் மொத்தமா வெளிய பீறிட்டுருச்சு ஐயா. நாப்பத்து மூணு அலகு. வீட்டைப் பட்டியல்லேர்ந்து எடுக்கச் சொல்லிக் கெஞ்சிட்டிருந்தாங்க ஐயா. இங்க நம்ம ஆளுங்க நாப்பது பேரும் ரெண்டு நாளா வெறும் பேரீச்சம்பழம் தின்னுக்கிட்டு உக்காந்திருக்காங்க. கசிவு எங்க போச்சுன்னு தெரியலை. கசிவுத் தடுப்புப் படையை அனுப்பியாச்சு."

படை கடமை தவறாதது. தடத்தைத் தொடர்ந்து அன்று மாலையே தலைவர் வீட்டுக்கு வந்து, கடலில் எண்ணெய் பரவாமல் தடுக்கும் ஆரஞ்சு நிற மிதவையை மாளிகையைச் சுற்றிப் போட்டது. அண்டை வீட்டுக்காரர்கள் மாடியில் நின்று படமெடுத்தார்கள். தலைவரின் மனைவி கணவனைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அவங்களுக்கு என்ன வேணும்?"

"கேக்கக் கூடாதுல்ல."

"கேக்காதீங்க. கொடுத்துடுங்க!"

மூன்றாம் நாள் மதியம் சோற்றுத் தட்டோடு ஒரு கோப்பும் வந்தது. கல்ஃபான் முன்னால் யஃகூப் அதைத் தானே திறந்து, எஸ்-7 பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது என்ற தாளில் கையெழுத்துப் போட்டு, எலுமிச்சம்பழக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கல்ஃபான் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கோப்பையை ஆட்டினார். அதைப் பார்த்து மற்ற நாற்பத்து இரண்டு பேரும் ஆட்டினார்கள். ரய்யாவுக்கு மட்டும் கண் கலங்கியது. முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டு, தலைவரின் மனைவியை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

எல்லோரும் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தபோது வெள்ளை வண்டி வந்து நின்றது. ஹிலால் இறங்கினான். ஒரு கையில் தகடு, ஒரு கையில் சுத்தியல். கசிவுத் தடுப்புப் படையின் அறிக்கையை மடித்து இடுப்பில் செருகியிருந்தான். கிராமத்தாருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நேரே போய்த் தலைவரின் தேக்குக் கதவு நிலையில் தகடை வைத்து முதல் ஆணியை அடித்தான்.

"என்னடா செய்யற?" யஃகூப் ஓடி வந்தார்.

"மன்னிக்கணும் ஐயா. மூணு நாள், நாளுக்கு நாப்பத்து மூணு அலகு, அழுத்தம் குறையவே இல்லை. தோண்டாமலே தானா வந்திருக்கு. நீங்க கையெழுத்துப் போட்ட விதிதான், நாளுக்கு முப்பது அலகுக்கு மேல தானா வந்தா அந்த இடம் ஆணையத்துக்கு. இது எஸ்-8."

"டேய், இது என் வீடுடா!"

ஹிலால் தலைக்கவசம் ஒன்றை எடுத்து மரியாதையோடு தலைவரிடம் நீட்டினான்.

"எல்லாக் கிணறும் யாரோ ஒருத்தர் வீடுதானே ஐயா," என்று சொல்லிவிட்டு, இரண்டாவது ஆணியை அடித்தான்.